கீழ்மடைப் பாத்தியமும் முன்கூட்டிய கலந்தாலோசனையும்: மெக்ஸிகோ தேசத்து யாக்கி ஆற்றுக் குடிகளின் வழக்கு

ஆற்றுப் பாசனத்தை நம்பிப் பயிரிடும் எத்தேசத்திலும், மேல்மடையில் ஒருவர் செய்யும் காரியம் கீழ்மடையில் உள்ளவருடைய விளைவைப் பாதிக்கும் என்பதை விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தலைப்பில் ஒரு மதகு அகலப்படுத்தப்பட்டால் கடைமடையில் நாற்று வாடும். இதை உணர்ந்தே, பொது வாய்க்காலில் புதிதாக ஒரு கண் திறப்பதற்கு முன் அதில் பாத்தியமுள்ளவர்களைக் கூட்டிக் கேட்டுக்கொள்வது முறை என்று ஊரார் கருதி வந்தனர். இந்த முறை ஊர் வாய்க்காலுக்குப் பொருந்துவது போலவே பெரிய அணைகளுக்கும், 80 மைலுக்கு மேல் நீண்டு செல்லும் குழாய்வழிகளுக்கும் பொருந்துமா? பொருந்துமாயின், அந்தக் கேள்வி எப்பொழுது, யாரிடம், எவ்விதம் கேட்கப்பட வேண்டும்? இவ்விஷயம் மெக்ஸிகோ தேசத்தின் உச்ச நீதிமன்றத்தில் 2013-ஆம் ஆண்டில் தீர்மானத்துக்கு வந்தது. வழக்கைத் தொடுத்தவர்கள் யாக்கி என்னும் பூர்விகக் குடிகள். வழக்கில் அவர்களே வென்றனர். ஆயினும், வென்ற பின்பும் அவர்கள் மறுத்த குழாயில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. இவ்விரண்டு செய்திகளும் நீர்ப்பாசன வேலைகளோடு சம்பந்தமுள்ள அனைவரும் சேர்த்து அறியத்தக்கவை.

ஆறும் குடிகளும்

மெக்ஸிகோவின் வடமேற்கில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் எல்லையை அடுத்து, சொனோரா என்னும் மாகாணம் உள்ளது. அதன் பெரும்பகுதி வறண்ட பூமி. யாக்கி ஆற்றின் கீழ்ச் சமவெளியில் ஆண்டொன்றுக்குச் சுமார் 12 அங்குல மழையே பெய்கிறது. ஆனால், கிழக்கேயுள்ள சியரா மாத்ரெ மலைத்தொடரில் பெய்யும் மழையைத் திரட்டிக்கொண்டு இறங்கும் அவ்வாறு, கலிபோர்னியா வளைகுடாவில் கலக்கும் முன் இச்சமவெளியில் வண்டலைப் பரப்பி வந்தது. கோடை மழையாலும் குளிர்கால மழையாலும் ஆண்டில் இருமுறை வெள்ளம் வரும். வெள்ளம் வடிந்த ஈர வண்டலில் யாக்கி மக்கள் மக்காச்சோளம், மொச்சையினம், பூசணி முதலியவற்றைப் பயிரிட்டு வாழ்ந்தனர். கால்வாய் வெட்டாமலும் கவலை இறைக்காமலும் ஆற்றின் பெருக்கையே பாசனமாகக் கொண்ட பயிர்த்தொழில் அது.

1617-ஆம் ஆண்டில் இயேசு சபைப் பாதிரிமார் அங்கு வந்தனர். அதன்பின் கோதுமையும் கால்நடை வளர்ப்பும் சேர்ந்தன. ஆற்றோரமாகச் சிதறிக் கிடந்த குடியிருப்புகள் எட்டு ஊர்களாகத் திரண்டன. விக்காம், போத்தாம், தோரிம், ராஹும், உயிரிவிஸ், பெலெம், கோக்கோரித், பாக்கும் என்பன அவ்வூர்கள். இவற்றுள் கடைசி இரண்டிலும் பிற்காலத்தில் வெளியார் குடியேறியதால், அவ்வூர் யாக்கி மக்கள் லோமா தெ குவாமுச்சில், லோமா தெ பாக்கும் என்னும் இடங்களில் தங்கள் ஊரமைப்பை மீண்டும் நிறுவிக்கொண்டனர். ஒவ்வோர் ஊருக்கும் ஊரார் தெரிவுசெய்யும் தலைவரும், மூத்தோரும், செயலரும் உண்டு. நிலமும் நீரும் பற்றிய காரியங்கள் ஊர்ச்சபையில் யாவரும் கேட்கப் பேசித் தீர்மானிக்கப்படும். இந்த ஏற்பாடு பின்னர் நடந்த வழக்கில் முக்கிய இடம் பெற்றது.

நிலமும் நீரும் கைமாறிய விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வண்டல் நிறைந்த இச்சமவெளி வெளியார் கண்ணில் பட்டது. யாக்கி மக்கள் தங்கள் நிலத்தை விட்டுக்கொடுக்க மறுத்துப் போரிட்டனர். அவர்களுடைய தலைவரான கஹெமெ என்பவர் 1887-இல் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1890-இல் கால்வாய் வெட்டவும் நிலத்தைப் பிரித்து விற்கவும் உரிமை ஒரு தனியாருக்கு வழங்கப்பட்டது. பின்னர் அது கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. போர்பிரியோ தியாஸ் ஜனாதிபதியாயிருந்த காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், ஆயிரக்கணக்கான யாக்கி ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் பிடிக்கப்பட்டு, தேசத்தின் மறுகோடியிலுள்ள யுகாத்தானில் நார்க்கற்றாழைத் தோட்டங்களில் வேலை செய்ய அனுப்பப்பட்டனர். அவர்களில் பலர் திரும்பவில்லை. வேறு பலர் எல்லை தாண்டி அரிஸோனாவுக்கு ஓடினர்; அவர்களுடைய சந்ததியார் அங்கே இன்றும் வாழ்கின்றனர்.

இவ்வளவுக்கும் காரணம் நீர் பாயக்கூடிய நிலமே என்பது கவனிக்கத்தக்கது. கரட்டு மலைகளையும் முட்காடுகளையும் யாரும் கேட்கவில்லை. கால்வாய் எட்டக்கூடிய வண்டல் பூமியே கேட்கப்பட்டது.

1940-ஆம் ஆண்டு ஆணை

ஜனாதிபதி லாசரோ கார்தெனாஸ் காலத்தில் நிலைமை ஒருவாறு மாறியது. 1937-இல் தொடங்கிய ஏற்பாடுகளை 1940 செப்டம்பரில் பிறந்த ஆணை உறுதிசெய்தது. அதன்படி, ஆற்றின் வலக்கரையிலும் பாக்கத்தேத்தே மலையிலுமாக 11 லட்சம் ஏக்கருக்குக் குறையாத பரப்பு யாக்கி மக்களின் பூமியாக அங்கீகரிக்கப்பட்டது. இதில் பெரும்பகுதி மலையும் புதருமே. நிலத்தை விட முக்கியமானது நீரைப் பற்றிய விதி. யாக்கி ஆற்றின் உபநதியொன்றின் குறுக்கே அக்காலத்தில் கட்டப்பட்டு வந்த லா அங்கொஸ்துரா அணையில் தேங்கும் நீரில், ஒவ்வொரு சாகுபடி ஆண்டிலும் பாதி வரையில் யாக்கி மக்கள் தங்கள் நிலங்களின் பாசனத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த ஆணை கூறியது.

இவ்வாணையின் தன்மை தெளிவாக விளங்க வேண்டும். பஞ்சகாலத்தில் வழங்கும் சலுகையாக இது பிறக்கவில்லை. அணையில் தேங்கும் நீரில் இன்ன பங்கு இன்னாருக்கு என்று ராஜ்யத்தின் தலைவரே கையெழுத்திட்டு நிர்ணயித்த பாத்தியம் இது. எழுபது ஆண்டுகளுக்குப் பின் நடந்த வழக்குக்கு இதுவே அஸ்திவாரமாயிற்று.

மூன்று அணைகளும் கோதுமைச் சமவெளியும்

ஆணை பிறந்த பின் ஆற்றில் மேலும் இரண்டு பெரிய அணைகள் எழுந்தன. 1952-இல் கீழ்ப்பகுதியில் ஒவியாச்சிக் அணையும், 1960-களின் நடுவில் அதற்கு மேலே எல் நோவீயோ அணையும் முடிவுற்றன. ஒவியாச்சிக் அணையிலிருந்து புறப்படும் கால்வாய்கள், இடக்கரையில் சியுதாத் ஒப்ரெகோன் நகரைச் சுற்றியுள்ள 5 லட்சம் ஏக்கர் அளவான சமவெளிக்கு நீர் தருகின்றன. அந்நிலத்தின் பெரும் பகுதி யாக்கி அல்லாத மிராசுதாரர்களின் கையில் உள்ளது.

இந்தியப் பயிர்த்தொழிலோடு இச்சமவெளிக்கு நேர்த் தொடர்பு உண்டு. 1940-களின் நடுவிலிருந்து நார்மன் போர்லாக் குட்டை ரகக் கோதுமை ஆராய்ச்சியை நடத்திய இடங்களுள் இதுவே முதன்மையானது. சி. சுப்பிரமணியம் மத்திய உணவு விவசாய மந்திரியாயிருந்த காலத்தில், 1965-இல் 250 டன்னும் 1966-இல் 18,000 டன்னும் மெக்ஸிகோ கோதுமை விதை இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டது. அக்காலத்தில் வந்த ரகங்களுள் ‘சொனோரா 64’ என்பதன் பெயரே இம்மாகாணத்தின் பெயர்தான். பஞ்சாபின் களங்களை நிரப்பிய விதையின் பரம்பரை யாக்கி ஆற்று நீரில் வளர்ந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

ஆனால் அணைகளால் விளைந்த செழிப்பு இரு கரைகளுக்கும் ஒருபடித்தாகக் கிட்டவில்லை. ஒவியாச்சிக் அணைக்குக் கீழே, உபரிநீர் திறக்கப்படும் காலம் தவிர, ஆற்றின் படுகை பெரும்பாலும் வறண்டு கிடக்கத் தொடங்கியது. வெள்ளத்தை நம்பிய பழைய சாகுபடி அழிந்தது. யாக்கி மக்கள் தங்கள் பங்கு நீருக்குக் கால்வாயையும் அதை நிர்வகிக்கும் இலாகாவையும் எதிர்பார்க்க வேண்டியவராயினர். ஆணையிற் கண்ட பாதிப் பங்கு முழு அளவில் தங்களுக்கு வந்து சேரவில்லை என்பது அவர்களுடைய நெடுநாளைய முறையீடு. கடன் வசதி இன்மையால் நிலத்தை வெளியாருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அதே நிலத்தில் கூலிக்கு இறங்கிய குடும்பங்கள் பல. குடிப்பதற்கு நல்ல நீரின்றி அவ்வூர்கள் தவித்ததும் யாவரும் அறிந்தது.

நகரத்தின் தாகம்

சொனோரா மாகாணத்தின் தலைநகரமான எர்மோசியோ வேறோர் ஆற்றுப் படுகையில் உள்ளது. 2010-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நகரில் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் வசித்தனர். நகரை ஒட்டிய அணை 1990-களின் இறுதியில் வறண்டது. குழாய்களில் முறைவைத்து நீர் விடும் நிலை ஏற்பட்டது. நகருக்கு மேற்கேயுள்ள கடலோரச் சாகுபடிப் பகுதியில் ஆழ்கிணறுகளிலிருந்து அளவுக்கு மீறி இறைத்ததால் நிலத்தடியில் உப்புநீர் புகுந்திருந்தது. நகரத்தாரின் தாகம் உண்மையானது. அதை யாரும் மறுக்கவில்லை.

இக்குறையைத் தீர்க்க மாகாண சர்க்கார் 2010-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. யாக்கி ஆற்றின் எல் நோவீயோ அணையிலிருந்து குழாய் வைத்து, மலைகளைத் தாண்டி, ஆண்டுக்கு 7.5 கோடி கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 265 கோடி கன அடி நீரை எர்மோசியோவுக்குக் கொண்டுபோவதே அத்திட்டம். ‘சுதந்திரம்’ என்று பொருள்படும் இந்தெபெந்தென்சியா என்னும் பெயர் அக்குழாய்வழிக்குச் சூட்டப்பட்டது. 2011 பிப்ரவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சு அதற்கு அனுமதி வழங்கியது.

அனுமதி வழங்குமுன், 1940-ஆம் ஆண்டு ஆணையின்படி அவ்வாற்று நீரில் பாத்தியமுள்ள யாக்கி மக்களை எவரும் முறைப்படி அழைத்துக் கேட்கவில்லை. குழாய் அவர்களுடைய நிலத்தில் ஓரடியும் படவில்லை. அணை அவர்களுடைய ஊர்களுக்கு வெகுதூரம் மேலே இருக்கிறது. ஆகவே அவர்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்பது போலக் காரியம் நடந்தது. கீழ்மடை விவசாயி எவரும் இந்த வாதத்தின் பிழையை உடனே காண்பர். வாய்க்காலின் தலைப்பு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், அங்கே குறையும் நீர் கடைமடையிலேதான் குறைகிறது.

சமவெளியின் இடக்கரை மிராசுதாரர்களும் இத்திட்டத்தை எதிர்த்தனர் என்பது ஒரு விசேஷம். முற்காலத்தில் யாக்கி மக்களின் நிலத்தையும் நீரையும் பெற்றுச் செழித்த அப்பகுதியார், இப்போது தங்கள் நீரும் மேலேயே திருப்பப்படுவதைக் கண்டு அவர்களோடு ஒரே பக்கத்தில் நின்றனர்.

வழக்கு

அனுமதி பிறந்த ஆண்டிலேயே யாக்கி ஊர்த்தலைவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2012-இல் கீழ்க்கோர்ட்டு அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன்மேல் வந்த அப்பீலை விசாரித்த உச்ச நீதிமன்றத்தின் முதற்பிரிவு, 2013 மே 8-ஆம் தேதி கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பை உறுதிசெய்தது.

யாக்கி மக்களுக்கு ஆதாரமாயிருந்த சட்டங்கள் இரண்டு. ஒன்று, மெக்ஸிகோ அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவு. 2001-இல் திருத்தப்பட்ட அப்பிரிவு பூர்விகக் குடிகளின் உரிமைகளை அங்கீகரிக்கிறது. மற்றொன்று, சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1989-இல் இயற்றிய 169-ஆம் உடன்படிக்கை. மெக்ஸிகோ 1990-இலேயே இதை ஏற்றுக்கொண்டிருந்தது. பூர்விகக் குடிகளை நேரடியாகப் பாதிக்கக்கூடிய சட்டத்தையோ நிர்வாக நடவடிக்கையையோ உத்தேசிக்கும்போதெல்லாம், அவர்களுடைய சொந்தப் பிரதிநிதி ஸ்தாபனங்கள் மூலமாக, உடன்பாடு காணும் நோக்கத்தோடும் நல்லெண்ணத்தோடும் அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் ஆறாவது பிரிவின் சாரம். ஐக்கிய நாடுகள் சபை 2007-இல் வெளியிட்ட பூர்விகக் குடிகளின் உரிமைப் பிரகடனமும், நிலத்தையும் நீரையும் தொடும் திட்டங்களைக் குறித்து இதையே வலியுறுத்துகிறது.

நீதிமன்றத்தின் முடிவு இதுவே. நீரில் யாக்கி மக்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட பாத்தியம் இருக்கிறது; திட்டம் அப்பாத்தியத்தைப் பாதிக்கக்கூடும்; ஆகவே அனுமதி வழங்குமுன் அவர்கள் சொல்வதைக் கேட்டிருக்க வேண்டும்; கேளாமல் வழங்கிய அனுமதி அவர்களைப் பொறுத்தவரை நில்லாது. நிலத்தின் மீது கால் வைத்தால்தான் நிலத்துக்குடையவனைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் இத்தீர்ப்பினால் தகர்ந்தது. நீரைத் தொட்டாலும் கேட்க வேண்டும்.

கலந்தாலோசனையின் நான்கு இலக்கணங்கள்

எவ்விதக் கலந்தாலோசனை செல்லத்தக்கது என்பதையும் நீதிமன்றம் நான்கு இலக்கணங்களாக வகுத்தது. அவை வருமாறு:

முதலாவது, அது முன்கூட்டியே நடைபெற வேண்டும். திட்டம் இன்னும் காகிதத்தில் இருக்கும்போது, மாற்றவோ கைவிடவோ இடமுள்ள காலத்தில் கேட்பதே கலந்தாலோசனை. குழாய் பதித்து, பம்பு வைத்து, கடன் வாங்கி, திறப்பு விழாவுக்குத் தேதியும் வைத்த பின் கூட்டும் கூட்டம் அறிவிப்புக் கூட்டமேயன்றி வேறில்லை.

இரண்டாவது, அது அம்மக்களின் வழக்கத்துக்கு ஏற்றதாயிருக்க வேண்டும். அவர்களுடைய மொழியில், அவர்களுடைய சபையில், அவர்கள் தாமே ஏற்றுக்கொண்ட தலைவர்கள் மூலமாக நடக்க வேண்டும். இலாகாவுக்கு இணக்கமான நாலு பேரை அழைத்துக் கையொப்பம் பெறுவது ஊரைக் கேட்டதாகாது. கெஜட்டில் பிரசுரிப்பதும், கச்சேரிச் சுவரில் ஒட்டுவதும் பொது ஜனங்களுக்கான விளம்பரங்கள். பாத்தியமுள்ளவர்களை நேரில் கேட்பது வேறு.

மூன்றாவது, அது முழு விவரங்களோடு கூடியதாயிருக்க வேண்டும். எவ்வளவு நீர் எடுக்கப்படும், எந்த மாதங்களில் எடுக்கப்படும், வறட்சி ஆண்டில் எவருடைய பங்கு முதலில் குறைக்கப்படும், கீழ்ப்பகுதிக் கிணறுகளுக்கு என்ன நேரும் என்பவற்றை, நன்மை தீமை இரண்டையும் மறையாமல், விளங்கும்படி சொல்ல வேண்டும். விவரமில்லாமல் பெற்ற சம்மதம் சம்மதமாகாது.

நான்காவது, அது நல்லெண்ணத்தோடு, உடன்பாடு காணும் நோக்கத்தோடு நடத்தப்பட வேண்டும். முடிவை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, சடங்குக்காகக் கேட்பது இதில் சேராது. பயமுறுத்தியோ ஆசை காட்டியோ பெறும் இசைவும் சேராது.

இந்நான்கும் யாக்கி மக்களுக்கென்றே பிறந்த புதுமைகள் என்று கொள்ள வேண்டியதில்லை. பொது நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் எந்த ஊரிலும் நியாயமானவர்கள் ஒப்புக்கொள்ளும் முறைகளே இவை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பெரிய மிராசுதாரருக்கு வக்கீலும் சட்டசபை அங்கத்தினரும் எட்டும் தூரத்தில் இருக்கின்றனர். கேளாமல் விட்டாலும் அவருடைய குரல் எப்படியாவது போய்ச் சேரும். வேறு மொழி பேசி, தலைநகரங்களுக்கு வெகுதூரத்தில் வாழும் பூர்விகக் குடிகளுக்கு அந்த வழிகள் இல்லை. அவர்களைக் கேட்பது சட்டத்தில் கட்டாயமாக்கப்பட்டதன் காரணம் இதுவே.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பு வெளியானபோது குழாய்வழி முடிந்து நீர் ஓடத் தொடங்கிவிட்டது. முன்கூட்டிக் கேட்க வேண்டும் என்று நீதிமன்றம் விதித்தபோது, முன்கூட்டிய காலம் கடந்து போயிருந்தது. 2013 ஆகஸ்டில் நீதிமன்றம் ஒரு விளக்கமும் வெளியிட்டது. கலந்தாலோசனை நடக்கும் காலத்தில் குழாய்வழி நிறுத்தப்பட வேண்டுவதில்லை. அவ்வாலோசனையில் மீட்க முடியாத தீங்கு வெளிப்பட்டால் நிறுத்தலாம் என்பது அதன் கருத்து. இதனால், கேட்க வேண்டியவர் கேட்கப்படும் வரை பொறுத்திருக்க, எடுப்பவர் எடுத்துக்கொண்டேயிருந்தார்.

தீர்ப்பு நிறைவேறவில்லை என்று கண்ட யாக்கி மக்கள், 2013 மே இறுதியிலிருந்து விக்காம் ஊரருகே செல்லும் தேசிய நெடுஞ்சாலையை மறித்தனர். வடக்கே அமெரிக்க எல்லைக்குச் சரக்குகள் போகும் முக்கியச் சாலை அது. மறியல் இடைவிட்டு நெடுங்காலம் நீடித்தது. லாரிகள் வரிசையாக நின்றன, வியாபாரிகள் நஷ்டமடைந்தனர், சாலை வழிப் பயணிகள் அவதியுற்றனர். 2014 செப்டம்பரில் யாக்கி மக்களின் பேச்சாளர் இருவர் கைதாயினர். ஓராண்டளவு சிறையிலிருந்து 2015-இல் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். இடையே கலந்தாலோசனை என்ற பெயரில் கூட்டங்கள் நடந்தன. நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்பது என்ன கேள்வி என்று ஊர்த்தலைவர்கள் வினவினர். குழாய்வழியைக் குறித்து உடன்பாடு ஏற்படவில்லை.

2021 செப்டம்பர் 28-ஆம் தேதி, அப்போது ஜனாதிபதியாயிருந்த ஆந்த்ரேஸ் மனுவேல் லோபெஸ் ஒப்ரதோர் விக்காம் ஊருக்கு நேரில் வந்து, யாக்கி மக்களுக்குக் கடந்த காலத்தில் இழைக்கப்பட்ட கொடுமைகளுக்காக ராஜ்யத்தின் சார்பில் மன்னிப்புக் கோரினார். நிலங்கள் சிலவற்றைத் திரும்ப அளித்தல், யாக்கி மக்களே நிர்வகிக்கும் தனிப் பாசனப் பிரிவு, அவர்களுடைய ஊர்களுக்குக் குடிநீர்க் குழாய்வழி ஆகியவை அடங்கிய நீதித்திட்டம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது. இவை பெரிய காரியங்களே. ஆனால், 2010-இல் எட்டு ஊர்களின் தலைவர்களையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்திருந்தால் பதினோராண்டுப் பகை வந்திராது என்று எண்ணுவோர் பலர். நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கும் வழி, யாக்கி ஊர்களின் குடிநீருக்கும் பாசனத்துக்கும் வகைசெய்யும் வழியோடு சேர்த்து அன்றே பேசப்பட்டிருக்கக் கூடும்.

ஆட்சேபங்களும் விடைகளும்

கலந்தாலோசனை குறித்துப் பொதுவாக மூன்று ஆட்சேபங்கள் கூறப்படுகின்றன. அவற்றை நியாயமாகப் பரிசீலிப்பது அவசியம்.

ஒரு சிறு கூட்டத்தார் வேண்டாம் என்றால், தேசத்தின் பெரிய வேலைகள் நின்றுவிடாவா என்பது முதல் ஆட்சேபம். 169-ஆம் உடன்படிக்கையின் கலந்தாலோசனை விதி பூர்விகக் குடிகளுக்குத் தனி மறுப்பதிகாரம் அளிக்கவில்லை. உடன்பாடு தேடும் கடமையைச் சர்க்காருக்கு விதிக்கிறது. அம்மக்களை அவர்களுடைய பூமியிலிருந்தே பெயர்க்க நேரிடும்போது மட்டும், அவர்கள் விவரமறிந்து மனப்பூர்வமாகத் தரும் சம்மதம் வேண்டும் என்று அதன் பதினாறாம் பிரிவு ஒரு படி மேலே செல்கிறது. அச்சம்மதம் கிடைக்காவிடில், அவர்கள் சொல்வதைக் கேட்டு முறைப்படி விசாரணை நடத்திய பின்பே பெயர்க்கலாம் என்பதும் அப்பிரிவின் விதி.

காலதாமதம் ஏற்படும் என்பது இரண்டாவது. தாமதம் உண்மையே. ஆனால் கேளாமல் செய்ததால் நேர்ந்த வழக்கு, அப்பீல், மறியல், சிறைவாசம், நிர்வாகத்தின் மீது ஏற்பட்ட அவநம்பிக்கை ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மதகு கட்டுமுன் செலவிடும் சில மாதங்கள், மதகை இடித்துக் கட்டும் செலவை மீதப்படுத்தும்.

யாரைக் கேட்பது, ஊரிலேயே இரண்டு கட்சிகள் இருக்கின்றனவே என்பது மூன்றாவது. யாக்கி ஊர்களிலும் கட்சி வேறுபாடுகள் உண்டு. அவற்றைக் காரணம் காட்டிக் கேளாமலிருப்பதும், தனக்கிசைந்த கட்சியை மட்டும் கேட்பதும் ஒன்றுபோல் தவறு. திறந்த சபையில், எல்லார் முன்னிலையிலும், பேசியதை எழுதிவைத்துக் கேட்பதே இதற்கு மருந்து.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கவை

இந்தியா 169-ஆம் உடன்படிக்கையை ஏற்கவில்லை. அதற்கு முந்திய 1957-ஆம் ஆண்டின் 107-ஆம் உடன்படிக்கையை 1958-இல் ஏற்றது. ஆயினும், அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைக்குட்பட்ட பகுதிகளுக்கென 1996-இல் இயற்றப்பட்ட பஞ்சாயத்து விஸ்தரிப்புச் சட்டம், அபிவிருத்தித் திட்டங்களுக்காக நிலம் எடுக்குமுன் கிராம சபையையோ உரிய மட்டத்துப் பஞ்சாயத்தையோ கலந்தாலோசிக்க வேண்டும் என்று கூறுகிறது. அப்பகுதிகளில் சிறு நீர்நிலைகளின் திட்டமும் நிர்வாகமும் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதும் அதன் விதி. தமிழ்நாட்டில் அத்தகைய அட்டவணைப் பகுதி இல்லை. எனினும், ஏரி, அணைக்கட்டு, குடிநீர்த் திட்டம் ஆகியவை உத்தேசிக்கப்படும் எந்த இடத்திலும் யாக்கி வழக்கின் பாடம் பொருந்தும்.

ஒரு நீர்வேலை உத்தேசத்துக்கு வரும்போது, அந்நீரை இதுவரை அநுபவித்து வருபவர் யார் என்ற ஜாபிதாவை முதலில் தயாரிக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்திலுள்ளவர்களோடு நில்லாமல், கீழே கடைசி மடை வரையில் உள்ளவர்களும், மலையடிவாரத்தில் கணக்கில் ஏறாமல் வாழும் குடிகளும், கால்நடைக்கு நீர் காட்டுவோரும் அதில் சேர வேண்டும். பட்டாவில் பெயர் இல்லை என்பதனால் பாத்தியம் இல்லை என்று தள்ளலாகாது. பழைய ஆணைகளும் முறைப்பாசன ஏற்பாடுகளும் இருப்பின் அவற்றைத் தேடி எடுத்து, திட்ட அறிக்கையோடு இணைக்க வேண்டும். 1940-ஆம் ஆண்டு ஆணை ஒன்று பத்திரமாக இருந்தமையாலேயே யாக்கி மக்கள் 2013-இல் கோர்ட்டின் முன் நிற்க முடிந்தது.

கூட்டம் கூட்டுமுன் விவரங்களை உரிய காலத்தில் அவர்களுடைய மொழியில் கொடுக்க வேண்டும். சாகுபடி மும்முரமான நாட்களில் கூட்டம் வைப்பது கூட்டத்தைத் தவிர்ப்பதற்கு ஒப்பானது. ஊரார் கூறும் ஆட்சேபங்களை அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும். அவற்றுள் எவை ஏற்கப்பட்டன, எவை ஏற்கப்படவில்லை, ஏன் என்பதை அவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். இவ்வளவும் வேலைக்கு டெண்டர் கோருமுன் முடிந்திருக்க வேண்டும்.

எர்மோசியோ நகரத்தாருக்குக் குடிநீர் தேவைப்பட்டது. யாக்கி மக்களுக்குப் பயிர் நீர் தேவைப்பட்டது; குடிநீரும் தேவைப்பட்டது. இரு சாராரும் ஒரே ஆற்றை நோக்கினர். அவர்களை ஒரே சபையில் அமர்த்திப் பேசவைக்க வேண்டிய காலம், குழாயின் முதல் துண்டு நிலத்தில் இறங்குமுன் இருந்தது. அக்காலம் தவறியபின் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பாலும் அதைத் திரும்பப் பெற முடியவில்லை. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது விவசாயிகள் அறிந்த முதுமொழி. அணை கோலுமுன் ஊரைக் கேட்க வேண்டும் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளுதல் நலம்.